வாளி வைத்த இடத்தில் காய்ந்த புல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினேன். பிறந்து வளர்ந்தது கல்மண்டபத்தில். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நானும் என் மனைவியும் எர்ணாவூருக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்குக் குடிவந்தோம். வரிசைக்கு எட்டு வீடு. மெயின் ரோட்டைப் பார்த்த முதல் வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. முதல் வரிசை வீடுகளுக்கு மட்டும் முன்னால் புல்தரை உண்டு. புல்லைக் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. தண்ணீர் ஊற்றுவதும் வெட்டிவிடுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. காய்ந்துபோனால் காலனி சூப்பர்வைசர் வந்து கேட்பார். பெரிய மனிதர்கள் வரும்போது காரிலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, நான் தூக்கிக்கொண்டிருந்த லோடின் கம்பிக் கயிறு அறுந்தது. கீழே நின்ற கலாசி செத்துப்போனார். கலாசி என்றால் லோடுக்குக் கயிறு மாட்டி, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிறவர். மேலே கேபினில் இருக்கிறவனுக்கு அந்தக் கைதான் எல்லாம். ஆறு வருஷம் அவர் கையைப் பார்த்து வேலை செய்தேன். முகத்தைவிட எனக்கு அவர் கை நன்றாகத் தெரியும்.

விசாரணை நடந்தது. கயிறு நைந்திருந்தது என்று எழுதினார்கள். என் மேல் தப்பில்லை என்றும் எழுதினார்கள். ஆனாலும் என்னைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

நான் அழவில்லை. பயப்படவும் இல்லை. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாரோ ஒருத்தர் உதட்டைத் தொடுவதுபோல் இருக்குமே, எல்லாமே அப்படி இருந்தது. என் மனைவி முதல் மாதம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ராயபுரத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மெழுகுவத்தி ஏற்றவைத்தாள். ஏற்றினேன். "மன்சு வுட்டு அழுதுடேன்யா" என்றாள் ஒரு நாள். அழத்தான் பார்த்தேன். வரவில்லை.

வேலை விட்டு வந்ததும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அது ஒன்றுதான் நானாகச் செய்த காரியம். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும், தலையைத் தூக்காமல், முக்கால் மணி நேரம் ஊற்றுவேன். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் அந்திக்கு, எங்கள் வாசல் பல்பைச் சுற்றி நிறைய வண்டுகள் வந்தன. பழுப்பு நிறம், புளியங்கொட்டை அளவு. சுவரில் மோதி விழுந்து மல்லாந்து கிடக்கும். வரிசை முனையில், எங்கள் புல்லை ஒட்டி ஒரு வேப்பமரம் இருந்தது. நாலு நாளில் அதன் கொழுந்தெல்லாம் சல்லடையாகிவிட்டது. என் மனைவி துடைப்பத்தால் வண்டுகளைக் கூட்டி வெளியே தள்ளினாள். ஒரு வாரத்தில் அவை காணாமல் போயின. அதைப் பற்றி நாங்கள் அப்புறம் நினைக்கவே இல்லை.

ஆடி மாதம் கம்பெனியில் கலாசியின் மனைவிக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் காலனியில் தெரு பெருக்கும் வேலை. எங்கள் வரிசையும் அவள் பொறுப்பில் வந்தது. முப்பது வயதிருக்கும். காலையில் பெருக்கிவிட்டுப் போவாள். சாயந்திரம் வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டு வந்து சாக்கடை ஓரம் ஊற்றுவாள். எட்டு வீடும் முடித்து எங்கள் வீட்டு முனைக்கு வரும்போது வாளியை வேப்பமரத்தடியில் புல் ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். அவள் நிற்பது தெரியும். நான் நிமிர மாட்டேன். பிறகு வாளியின் கைப்பிடி சத்தம் கேட்கும். போய்விட்டாள் என்று அர்த்தம்.

ஆவணி பிறந்த சமயத்தில் வேப்பமரத்துப் பக்கம் புல் பழுத்தது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு. நாலு நாளில் சாப்பாட்டுத் தட்டு அளவு. பக்கத்தில் இன்னொன்று. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு மடங்கு ஊற்றினேன். திட்டு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த இடத்தில் கால் வைத்தால் தரை மெத்தைபோல் உள்ளே அமுங்கியது. தண்ணீர் அதிகமாகி மண் இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருத்தர் புகைபோக்கிச் சாம்பல் என்றார். ஒருத்தர் உப்புக் காற்று என்றார். அப்படியானால் ஏழு வீட்டுப் புல்லும் பச்சையாக இருக்க எங்கள் புல் மட்டும் ஏன் காய வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரம்மாதான் என் மனைவியிடம் மதில் மேல் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அந்தக் கலாசி பொண்டாட்டி பக்கெட்ட எங்க வெக்கிறா பாத்தியா? அங்கதான் கருகிக்கினு வருது. வவுத்தெரிச்சல் சும்மா வுடுமா?"

ஒரு சிறிய களைக்கொத்தியை எடுத்து, திட்டின் நடுவில், புல் முழுக்கச் செத்த இடத்தில் கிளறிப் பார்த்தேன். மண்தான் இருந்தது. பூச்சி கீச்சி ஒன்றும் இல்லை. கொத்தியைக் கழுவி வைத்துவிட்டேன்.

மறு வாரம் காலனி சூப்பர்வைசர் வந்தார். தெற்கத்திக்காரர், கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். புல்லைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"என்னய்யா இது, ஆசிட் ஊத்தின மாதிரி இருக்கு?"

நான் குழாயை மூடினேன்.

"அந்தப் பொம்பளை வாளியை இங்கதான் வைக்கிறாளாமே?"

தலையாட்டினேன். அங்கேதான் வைத்தாள்.

"அதுல பிளீச்சிங் பவுடர்தானே?"

அதற்கும் தலையாட்டினேன்.

"புருஷன் போன கோவம் உன் மேல அவளுக்கு இருக்கும்ல?"

இருக்காதா என்ன? தலையாட்டினேன்.

"ஊத்தினதைப் பாத்தியா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மூன்று கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். மூன்றையும் சேர்த்தால் ஒரு பொய் வரும் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வாயைத் திறக்க வேண்டியிருந்தது. திறப்பதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

அடுத்த நாள் வேறொரு ஆள் தெரு பெருக்கினான். சாயந்திரம் என் மனைவி சொன்னாள்: "அந்தக்காவ வேலய வுட்டு நிப்பாட்டிட்டாங்களாம். நம்ம புல்லுல மருந்து ஊத்திச்சின்னு எழுதிக்கீறாங்க. நீ எதுனா சொன்னியா?"

"இல்ல" என்றேன்.

தட்டில் மீன் குழம்பு இருந்தது. சாப்பிட்டு முடித்தேன். ருசி தெரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புரட்டாசி பிறந்தது. புதிதாக வந்த ஆள் பிளீச்சிங் பவுடரை ரோட்டுப் பக்கமாகவே ஊற்றிவிட்டுப் போய்விடுவான். எங்கள் புல் ஓரத்தில் எந்த வாளியும் வைக்கப்படவில்லை. ஆனாலும் திட்டு பெருத்தது. வேப்பமரத்தடியிலிருந்து நகர்ந்து வாசல் படி வரைக்கும் வந்தது. காலையில் காக்கைகளும் மைனாக்களும் கூட்டமாக இறங்கின. செத்த புல்லை அவை கண்டுகொள்ளவே இல்லை. பழுத்த புல்லும் பச்சைப் புல்லும் சேருகிற ஓரத்தில் வரிசையாக நின்று, கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் பின்னால் எறிந்தன.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தோம்.

"அந்தக்கா வராம பன்னெண்டு நாளாவுது" என்றாள். "இது இன்னும் பெருசாயிக்கினே போவுது. அப்ப யாரு ஊத்துறா?"

அவள் படியிறங்கிப் போய்க் காக்கைகளை விரட்டினாள். அவை கிளறிய இடத்தில் குனிந்து, ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்தாள். பலமாக இழுத்தவள் பின்னால் சாய்ந்து விழப்பார்த்தாள். புல் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பிடித்த பிடி மட்டும் அல்ல, பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து, பாயைச் சுருட்டுவதுபோல் ஒரு முழத்துக்குத் தரையைவிட்டுக் கிளம்பி வந்தது.

"இன்னாய்யா இது, வேரே இல்ல!"

நானும் போய்ப் பார்த்தேன். புல்லின் அடிப்பக்கம் கத்தரியால் வெட்டினதுபோல் மொட்டையாக இருந்தது. கீழே ஈர மண்ணில் புழுக்கள். வெள்ளையாக, கொழுத்து, அரை வட்டமாகச் சுருண்டு கிடந்தன. சுண்டு விரல் தடிமன். தலை மட்டும் செம்பழுப்பு. தலையை ஒட்டி ஆறு கால். வால் பக்கம் தோலுக்குள்ளே கருப்பாக மண் தெரிந்தது. வெயில் பட்டதும் மெதுவாக அசைந்தன, அவ்வளவுதான். ஓடவில்லை.

நான் களைக்கொத்தியை எடுத்து வந்தேன். பச்சையாக இருக்கும் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை, மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் இழுத்தேன், கையோடு வந்தது. ஓரத்தில் ஒரு முழச் சதுரம் வெட்டிப் புரட்டினேன். இருபதுக்கு மேல் இருந்தன. செத்த திட்டின் நடுவில் வெட்டினேன். ஒன்றுகூட இல்லை. அங்கே தின்ன வேர் இல்லை. தின்று முடித்துவிட்டு வெளிப்பக்கமாக நகர்ந்து போயிருந்தன. முதல் தடவை நான் தோண்டியது அவை விட்டுப்போன இடத்தில்.

வெள்ளைப்புழு, வேர்ப்புழு என்றெல்லாம் சொல்வார்கள் என்று பிறகு கம்பெனித் தோட்டக்காரர் சொன்னார். கோடை மழைக்கு வரும் வண்டு வேப்ப இலையைத் தின்றுவிட்டு மண்ணில் முட்டை வைக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் அதற்கு வசதி. புழு சின்னதாக இருக்கிற மாதங்களில் மேலே ஒன்றும் தெரியாது. பெருத்த பிறகுதான் புல் பழுக்கும். மற்ற ஏழு வீட்டுக்கும் வேப்பமரம் பக்கத்தில் இல்லை, என்னைப்போல் விடாமல் தண்ணீர் ஊற்றினவர்களும் இல்லை. விளக்கெரிந்ததும் என் வாசலில், முட்டை வைத்ததும் என் ஈரத்தில்.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நானும் மனைவியும் புரட்டிப்போட்ட புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சூப்பர்வைசர்கிட்ட இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. தலயாட்டினேன்."

அவள் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

பாட்டிலில் மண்ணும் பதினைந்து புழுவும் போட்டு, வேரில்லாத புல்லை ஒரு செய்தித்தாளில் சுருட்டி, திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போனேன். அவர் பாட்டிலைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

"எழுதினது எழுதியாச்சுய்யா. மேல போயிருச்சு. இப்ப வந்து புழுங்கிறே."

"அவங்க ஊத்தல சார்."

"நீதானே ஆமான்னே?"

"ஆமா சார். நாந்தான் சொன்னேன். அது தப்பு."

மேலே யார் என்று கேட்டு, லேபர் ஆபீசர் அறைக்குப் போனேன். அங்கே ஒரு காகிதம் கேட்டு வாங்கி எழுதினேன். புழு என்று எழுதினேன். வாளி வைத்தது உண்மை, ஊற்றியதை நான் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று எழுதினேன். விசாரணையில் கையெழுத்துப் போட்ட பிறகு நான் எழுதிய முதல் காகிதம் அது. லேபர் ஆபீசர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார். மூன்றாவது முறை போய் நின்ற பிறகுதான் அந்தப் பெண்ணைத் திரும்ப வரச்சொல்லி உத்தரவு போட்டார்கள். மொத்தம் ஒரு மாதத்துக்கு மேல் அவள் வேலையில்லாமல் இருந்தாள்.

உத்தரவு வந்த அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன். எர்ணாவூரில் ரயில் பாதையை ஒட்டிய குடிசை வரிசை. வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, முறத்தை மட்டும் கீழே வைத்தாள்.

"ஆர்டர் வந்துகீது. காலைல வந்து சொன்னாங்க" என்றாள்.

நான் புழுவைப் பற்றிச் சொன்னேன். வேரைத் தின்றது, ஓரத்தில் இருந்தது, எல்லாம் சொன்னேன். பாட்டிலைக் கொண்டுவரவில்லை. சொல்லச் சொல்ல, ஏன் இதையெல்லாம் அவளிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நெழலுக்குத்தான் பக்கெட்ட அங்க வெச்சேன்" என்றாள். பிறகு, "நெழலுக்கு மட்டும் இல்ல. ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு நின்னுகினு இருப்பேன். நீ தலய தூக்கினாத்தான டிரைவரண்ணே?"

"இன்னா கேக்கணும்?"

அவள் முறத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கயிறு கயிறுன்றாங்க. அவரப் பத்தி ஒர்த்தரும் சொல்லல. நீதான மேலேர்ந்து பாத்துகினு இருந்தே. அவரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. நானும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்தேன். பார்த்தது அப்படியே இருந்தது.

"லோடு மேல போவச் சொல்லி கை காட்டினாரு. சரியாத்தான் காட்டினாரு. அப்புறம் தலைல கட்டின துண்டு அவுந்துடுச்சி. அத்த அவுத்து ஒதறி, திரும்பக் கட்டிக்கினு இருந்தாரு. ரெண்டு கையும் தல மேல இருந்துச்சி."

"கத்தினாரா?"

"இல்லம்மா. நேரமே இல்ல."

"வலிச்சிருக்காதுன்றியா?"

"தெரியல. நேரமே இல்ல."

அவள் தலையாட்டினாள். "அந்தத் துண்டு நிக்கவே நிக்காது அவருக்கு" என்றாள். "எத்தினி தபா சொல்லிக்கீறேன், முடிச்சு போடுன்னு."

உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். குடித்தேன். சுட்டது. என்னை மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. எழுந்தபோது ஒன்று மட்டும் சொன்னாள்: "வேலைக்கு வர்றேன். ஆனா உன் லைனு வேணாம்னு சொல்லிட்டேன். வேற லைனு குடுத்துக்கீறாங்க."

நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் எங்கேயாவது உட்கார்ந்து அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் நின்றேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நானும் மனைவியும் புல்தரை முழுவதையும் கொத்திப் புரட்டினோம். புழுக்களைக் காக்கைகள் தின்று தீர்த்தன. பெரிதான புழுவுக்கு மருந்து சரியாக ஏறாது, கொத்திவிடுவதுதான் வழி என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். மண்ணில் வேப்பம்பிண்ணாக்குக் கலந்து, அடுத்த வீட்டிலிருந்து அருகம்புல் வாங்கி ஊன்றினோம். மழையில் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் கோடை மழைக்கு வண்டு வந்தபோது வாசல் விளக்கை ஒரு வாரம் போடவில்லை. விடிந்ததும் மரத்தை உலுக்கி, விழுந்த வண்டை மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போட்டோம். தண்ணீரும் அளவாக ஊற்றினேன். இரண்டு மூன்று திட்டோடு நின்றது.

கிரேனில் மறுபடி ஏறக் கேட்டதில்லை. அவர்களும் கூப்பிட்டதில்லை. ஓய்வுபெறுகிற வரைக்கும் ஸ்டோர்ஸ்தான். மரத்துப்போனது எப்போது விலகியது, முழுதாக விலகியதா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் மீன் குழம்பில் புளி தூக்கல் என்று சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த நாள் நினைவிருக்கிறது.

அந்தப் பெண் எங்கள் பின்வரிசையில் பெருக்கிக்கொண்டிருந்தாள். எதிரே வந்தால் விலகிப் போவாள், நானும் அப்படித்தான். ஒரு வருஷம் போல அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலை, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, தெரு முனையில் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "டிரைவரண்ணே" என்று கூப்பிட்டாள்.

நின்றேன்.

"ரேசன்ல சக்கர வந்துகீது. மத்தியானத்துக்குள்ள தீந்துடுமாம். வூட்ல சொல்லிட்டுப் போ."

நான் திரும்பிப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.